கிட்டங்கியில் குடித்தனம்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்று சொல்லிவைத்தவர் யாரோ தெரியாது. ஆனால் அவர் விருதுநகரில் வாடகைக்கு வீடு தேடிப் பார்த்தவர் இல்லை. நான் தேடினேன். இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு வெயிலில் தேடினேன். அதனால் ஆரம்பத்தில் கொஞ்சம் கோபமாகத்தான் சொல்வேன். போகப் போகச் சரியாகிவிடும்.

என் வீட்டுக்காரர் இசக்கிப்பாண்டி விருதுநகர் பஜாரில் புரோட்டா மாஸ்டர். எங்கள் ஊர் ஆமத்தூர். கடை அடைத்து, கல்லைக் கழுவி நிமிர்ந்தால் கடைசி பஸ் எப்போதோ போயிருக்கும். மாவு மூட்டைக்குப் பக்கத்தில் துண்டை விரித்துப் படுத்துக்கொள்வார். கடை லீவு அன்று மட்டும் ஊருக்கு வருவார். எங்கள் மகள் அருணாதேவிக்கு அப்போது மூன்று வயது ஆகவிருந்தது. அவர் வாசலில் செருப்பைக் கழற்றினால் ஓடிவந்து என் சேலைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு, "புரோட்டா மாமா வந்துட்டாரு" என்பாள். பக்கத்து வீட்டுக்காரிகள் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். சிரித்துவிட்டு அடிகுழாய்ப் பக்கம் போய் ரொம்ப நேரம் முகம் கழுவுவார்.

ஒருநாள் அப்படி முகம் கழுவிவிட்டு வந்தவர், "பேச்சி, நான் கடைய விட்டுரலாம்னு இருக்கேன். ஒங்க கம்பெனியிலயே மருந்து ரூமுக்கு ஆள் கேக்குறாகளாம்" என்றார்.

நான் அப்போது ஊருக்குப் பக்கத்துப் பட்டாசு கம்பெனியில் திரி கட்டிக்கொண்டிருந்தேன். மருந்து ரூம் என்றால் வெடிமருந்து கலக்குகிற அறை. அங்கே வேலை பார்க்கிறவர்களின் பெண்டாட்டிமார் தூரத்தில் லாரி டயர் வெடித்தால்கூட அடுப்பை அப்படியே போட்டுவிட்டு ரோட்டுக்கு ஓடிவருவார்கள். எனக்கு அந்த ஓட்டம் வேண்டாம்.

"அந்த ரூமுக்குள்ள கால வச்சீகன்னா நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன்" என்றேன்.

"ஒங்கம்மா வீடு அடுத்த தெருதான."

"அடுத்த தெருன்னாலும் போயிருவேன்."

"அப்ப எம்மக காலம்பூரா என்னைய மாமான்னு கூப்பிடட்டும்ங்கிறியா?"

அதற்குப் பதில் பஜாருக்குப் பக்கத்தில் ஒரு வீடாகத்தான் இருக்க முடியும். அதனால் தேட ஆரம்பித்தேன்.

வீட்டுக்காரர்கள் முதலில் எந்த ஊர் என்பார்கள். அப்புறம் அந்த ஊரில் எந்தத் தெரு என்பார்கள். தெருவைச் சொன்னதும், காலியாக இருந்த வீடு அப்போதுதான் சொந்தக்காரர் ஒருவருக்குப் பேசி முடிந்திருக்கும். தெருவைக் கேட்டும் மறுக்காத ஒன்றிரண்டு பேர் என் கையைப் பார்த்தார்கள். நகக்கண்ணில் வெள்ளிப் பொடி ஒட்டியிருக்கும், எத்தனை தேய்த்தாலும் போகாது. "பட்டாசு வேலையா? வீட்டுல மருந்து கொண்டாந்து வச்சுருவீகளே" என்றார்கள். அதையும் தாண்டிய வீட்டில் வாடகை கொடுத்தால் சாப்பிட முடியாது. பஜாரில் மூட்டை இறக்குகிறவர், பருப்புப் புடைக்கிறவள், புரோட்டா போடுகிறவர் எல்லாரும் வெளியூர்தான். எங்கள் கை மட்டும் காலையில் வந்து வேலை செய்துவிட்டு, உடம்பு எங்கேயாவது போய்ப் படுத்துக்கொள்ள வேண்டும். அந்த நாளில் அந்த ஊரையே நான் வைதிருக்கிறேன்.

இனி காசிராஜன் அண்ணாச்சியைச் சொல்ல வேண்டும். மிளகாய் மண்டிக்காரர். அவர் கடைக்குள் உட்கார்ந்து விலை சொன்னால் ரயில்வே ஸ்டேஷனில் பெட்டி தூக்குகிறவருக்கும் கேட்கும். தினமும் எங்கள் வீட்டுக்காரர் கையால்தான் ராச்சாப்பாடு. மாஸ்டர் வேலையை விடப்போகிறார் என்றதும் இலையிலிருந்து கையை எடுத்துவிட்டு, "ஏன்?" என்று கேட்டிருக்கிறார். இவர் பிள்ளை விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்.

"மாமான்னா கூப்பிடுது?" என்றாராம். அதற்குமேல் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அந்த வருஷம்தான் அவர் நாற்கரச் சாலைக்குப் பக்கத்தில் புதுக் கிட்டங்கி கட்டி மிளகாய் மூட்டைகளை அங்கே மாற்றியிருந்தார். பஜாரில் கடைக்கு மேலே இருந்த பழைய கிட்டங்கி சும்மா கிடந்தது. மறுநாளே என்னை வரச்சொல்லிக் காட்டினார். "ஒரு தடுப்பு, ஒரு அடுப்பு மேடை, பின்னால ஒரு கக்கூஸ். கட்டிருவோம். ஒங்களுக்கு எது முடியுமோ அதக் குடுங்க" என்றார். நான் அந்தத் தெருக் கேள்விக்காகக் காத்து நின்றேன். அவர் கேட்டது வேறு. "சின்னப்பிள்ளை இருக்கே தாயி, காத்து வேணுமே?" என்றார். சாயங்காலமே புது ஃபேன் ஒன்றை வாங்கி வந்து, தானே நின்று உத்திரத்தில் மாட்டச் சொன்னார்.

எதிர்க்கடை பலவேசம் அண்ணாச்சிக்கு இது பிடிக்கவில்லை. அவருக்கு எண்ணெய் வியாபாரம். "மண்டிக்கு மேல குடித்தனமா? துணி காயப்போடுவாக, மீன் ஆய்வாக, பிள்ளை வந்து லோடு வண்டிக்குக் குறுக்க நிக்கும். பஜார் பஜாரா இருக்காது பாத்துக்கோரும்" என்று தெருவெல்லாம் சொன்னார். ஊர்வாயை மூட உலைமூடி உண்டா? காசிராஜன் அண்ணாச்சி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நாங்கள் குடிவந்தோம். கம்பெனி வேன் டவுனுக்குள் வராது, அதனால் நான் திரி கட்டுவதை விட்டுவிட்டுப் பக்கத்துப் பருப்பு மண்டியில் சேர்ந்தேன். புடைக்கிற பருப்பை வீட்டுக்கே கொடுத்துவிடுவார்கள். அவர் வேலை முடிந்து வந்து, விடிந்து வெகுநேரம் வரை தூங்குவார். அருணா முதலில் தூரத்தில் நின்று அவரைப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். முழங்கையில் எண்ணெய் பட்ட தழும்பை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். எனக்கு அது போதும் என்றிருந்தது.

ஆனால் தும்மல் ஆரம்பித்தது. அவர் தூங்குவதற்காக ஃபேனைப் போடுவோம். சற்று நேரத்தில் பிள்ளை தும்முவாள். பிள்ளை தும்மினால் "நூறு வயசு" என்று சொல்வது வழக்கம். நானும் சொன்னேன். அந்தக் கணக்கில் என் மகள் ஒரே வாரத்தில் பத்துத் தலைமுறைக்கு வாழ வேண்டியவளாகிவிட்டாள். கண் சிவந்து, மூக்கு புண்ணாகிவிட்டது. எனக்கும் தொண்டை கமறியது. மிளகாய் நெடிதான் என்று தெரிந்தது. முறை வைத்து விடுகிற குழாய்த் தண்ணீரைக் குடம் குடமாகத் தூக்கிவந்து சுவரைக் கழுவினேன், தரையைக் கழுவினேன். மேலே பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

அண்ணாச்சியிடம் சொன்னேன். அந்தச் சமயம் தினமும் மணிக்கணக்கில் கரண்டு போகும். கரண்டு போனால்தான் அவருக்கு மண்டியில் ஓய்வு, அப்போதுதான் மாடி ஏறி வருவார். நாங்களும் புழுக்கம் தாங்காமல் பிள்ளையோடு படிக்கட்டில் போய் உட்கார்ந்திருப்போம். அவர் உள்ளே போய் நெஞ்சு நிறைய மூச்சிழுத்துப் பார்த்துவிட்டு, "ஒரு வாசமும் இல்லையேத்தா" என்பார். கூடவே லோடு இறக்குகிற பெத்தணனைக் கூட்டிவந்து அவரையும் மோந்து பார்க்கச் சொல்வார். மிளகாய் மண்டியிலேயே வளர்ந்த மூக்குகள். அவற்றிடம் போய் நியாயம் கேட்டால் என்ன கிடைக்கும்?

இதற்குள் கீழே வேறு வினை முளைத்தது. வியாபாரிகளுக்கு ஒற்றைத் தும்மல் ஆகாது. விலை பேசி முடிகிற நேரத்தில் மாடியிலிருந்து "ஹச்" என்று கேட்டால், எழுந்தவர் உட்கார்ந்துவிடுவார், நீட்டிய கை மடங்கிவிடும். விளைந்ததை விற்க வந்த ஒரு சம்சாரி சாம்பிள் மிளகாயைத் துண்டில் அள்ளிக்கொண்டு வேறு மண்டிக்கே போய்விட்டார். பலவேசம் அண்ணாச்சி கடையிலும் அதே கதை. "மாடியில குடிவச்சது மாஸ்டர இல்ல, சகுனத்த" என்றார். மற்ற கடைக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

கடைசியில் ஒரு நாள், கரண்டு போயிருந்த பகல் பொழுதில், காசிராஜன் அண்ணாச்சியும் பலவேசம் அண்ணாச்சியும் பெத்தணனும் சேர்ந்து மாடிக்கு வந்தார்கள். எங்கள் வீட்டுக்காரர் வேர்க்க விறுவிறுக்கத் தூக்கத்திலிருந்து எழுந்து உட்கார்ந்தார். நான் படிக்கட்டிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். என்ன சொல்லப்போகிறார்கள் என்று எனக்குத் தெரியும். முந்தின நாள்தான் அருணா முதல்முறையாக அவரை "அப்பா" என்று கூப்பிட்டிருந்தாள். அதுவும் இரண்டு தும்மலுக்கு நடுவே. அவர் அதை மூன்று தடவை என்னிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டிருந்தார். மறுபடி ஆமத்தூர், மறுபடி மாமா, இல்லையென்றால் மருந்து ரூம்.

அண்ணாச்சியின் குரல் அன்றைக்குப் பக்கத்தில் நிற்கிறவருக்கே கேட்கவில்லை. "தாயி, எனக்கு மனசே வரல. ஆனா பஜார்ல எல்லாரும் சேந்து..." என்று நிறுத்தினார்.

"நாலு பேரு பொழப்புல்ல" என்று பலவேசம் அண்ணாச்சி முடித்து வைத்தார்.

அப்போது கரண்டு வந்தது.

ஃபேன் மெல்லச் சுற்றி, பிறகு வேகமெடுத்தது. ஜன்னல் வெயிலில் மேலிருந்து செக்கச்செவேலென்று மெல்லிய பொடி இறங்குவதை எல்லாரும் பார்த்தோம். மேலே உத்திரத்துக்கும் பனங்கட்டைகளுக்கும் நடுவே இருந்த இடுக்குகளில் எத்தனையோ வருஷத்து மிளகாய்த் தூசி. முதலில் தும்மியவர் பலவேசம் அண்ணாச்சி. "பொழப்பு" என்று அடுத்த பேச்சை எடுத்தவர் அதை முடிக்கவே இல்லை. தோள் துண்டு கீழே விழுந்தது, எடுக்கக் குனிந்தவர் குனிந்தபடியே தும்மினார். பெத்தணன் தும்மினார். எங்கள் வீட்டுக்காரர் தும்மினார். காசிராஜன் அண்ணாச்சி மட்டும் திகைத்துப்போய் மேலே பார்த்தபடி நின்றார். பிறகு அவர் முகம் கோணியது. அந்தக் குரலுக்கு ஏற்ற தும்மல், தெருவில் மாட்டுவண்டி நின்றுவிட்டதாகப் பிறகு சொன்னார்கள்.

என் இடுப்பிலிருந்த அருணா இரண்டு அண்ணாச்சிகளையும் பார்த்து, "நூறு வயசு. நூறு வயசு" என்று மாறி மாறிச் சொன்னாள்.

ஓடிப்போய் நான் ஃபேனை நிறுத்தினேன். அண்ணாச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையில் அடித்துக்கொண்டார். "நாப்பது வருசமா இந்தக் கிட்டங்கிக்குள்ள ஒரு ஓலை விசிறிய வீச விட்டதில்ல, தூசி கெளம்பிரும்னு. கடைசியில நானே ஃபேன வாங்கி மாட்டியிருக்கேன் பாத்தியா பலவேசம். வீடுன்னதும் கிட்டங்கி மறந்துபோச்சுய்யா."

பலவேசம் அண்ணாச்சி குனிந்து பிள்ளையின் சிவந்த மூக்கைப் பார்த்தார். "நான் ரெண்டு நிமிசம் நின்னதுக்கே உசுரு போச்சு. இது எப்பிடித் தாங்குச்சு?" என்றார். வந்த காரியத்தைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மண்டிக்கு லீவு. ஓய்வெடுக்க வேண்டிய நாளில் பெத்தணனும் மற்ற லோடுமேன்களும் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். சாரம் கட்டி, கட்டை கட்டையாகச் சுரண்டினார்கள். காசிராஜன் அண்ணாச்சி லாரித் தண்ணீர் வரவழைத்துக் கொட்டினார். பலவேசம் அண்ணாச்சி விற்காமல் அடியில் தங்கிய கசண்டு எண்ணெய் ஒரு டின் தூக்கிவந்து, "எண்ணெத் துணி போட்டுத் தொடச்சாத்தான் தூசி அமுங்கும், ஒங்களுக்கு என்னத்தத் தெரியும்" என்று அதட்டி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு கட்டையைத் தானே துடைத்தார். எங்கள் வீட்டுக்காரர் எல்லாருக்கும் புரோட்டா போட்டார். நான் ஊரை வைததெல்லாம் நினைவுக்கு வந்தது. வைத வாயாலேயே இவர்களை வாழ்த்த வேண்டும் என்று தோன்றியது. ஆனால் நன்றி என்ற வார்த்தை எனக்குச் சட்டென்று வராது. தண்ணீர்ச் செம்பைத்தான் நீட்டிக்கொண்டே இருந்தேன்.

பிறகு சுண்ணாம்பு அடித்தார்கள். ஃபேன் சுற்றியது, ஒருவரும் தும்மவில்லை. காசிராஜன் அண்ணாச்சி பின்பக்கத்துப் பாதியைத் தடுத்துப் பெத்தணன் குடும்பத்துக்குக் கொடுத்தார். அடுத்த பொங்கலுக்குள் பலவேசம் அண்ணாச்சியும் தன் கடை மாடியில் இரண்டு குடும்பங்களைக் குடிவைத்தார். "சும்மா போட்டா எலி சேந்துரும், அதுக்குத்தான்" என்று காரணம் சொன்னார். எலிக்குப் பயந்தவர் எதற்காக அடுப்பு மேடைக்கு நல்ல கடப்பாக்கல்லாகப் போட்டார் என்று நான் கேட்கவில்லை.

இது நடந்து கொஞ்ச நாள் கழித்து ஒரு காலை. மிளகாய் வத்தல் சீசன், கீழே மண்டியில் சம்சாரிகளும் தரகர்களுமாகக் கூட்டம். பருப்பைப் புடைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தால் பிள்ளையைக் காணோம். படியிறங்கி ஓடினேன். அருணா மண்டி நடுவில், சாக்குகளுக்கு மத்தியில் நின்றுகொண்டிருந்தாள். அண்ணாச்சியை அண்ணாந்து பார்த்து, உதட்டில் விரலை வைத்து, "சத்தம் போடாத தாத்தா. எங்க அப்பா தூங்குது" என்றாள்.

மண்டி அப்படியே நின்றது. தரகர்கள் அண்ணாச்சி முகத்தைப் பார்த்தார்கள். அண்ணாச்சி மெதுவாகத் தலையாட்டினார். பிறகு மூட்டையோடு உள்ளே வந்த பெத்தணனிடம், "போடாத. இறக்கி வையி" என்று கிசுகிசுத்தார். பெத்தணன் அந்த மூட்டையைப் பிள்ளையைக் கிடத்துவதுபோல் கிடத்தினார். விலை பேச்சு காதோடு காதாகத் தொடர்ந்தது. எதிர்க்கடையில் எண்ணெய் டின்னை உருட்டிக்கொண்டிருந்த ஆளைப் பார்த்துப் பலவேசம் அண்ணாச்சி கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார்.

எங்க அப்பா. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இத்தனை நாளாக வராத வார்த்தை அப்போது தொண்டையை உடைத்துக்கொண்டு வந்தது. அத்தனை பேருக்கு நடுவில் கையெடுத்துக் கும்பிட்டு, "அண்ணாச்சி, நீங்க நல்லா இருக்கணும். ஒங்க பிள்ளைகுட்டி, ஒங்க மண்டி, இந்தப் பஜாரே நல்லா இருக்கணும்" என்று வாய்விட்டுச் சொன்னேன். எனக்கும் குரல் கொஞ்சம் பெரிதுதான்.

அண்ணாச்சி பதறிப்போய் உதட்டில் விரலை வைத்தார்.

"மெல்லப் பேசுத்தா," என்றார். "பிள்ளையோட அப்பா முழிச்சிருவாரு."