ராணியம்மாவுக்குப் பிறந்த வீட்டுக் கோடி

ராணியம்மா இறந்த அன்று காலை, அவர் உடம்பு கட்டிலை விட்டு ஒரு முழம் மேலே எழுந்து அப்படியே நின்றது. பங்களாவுக்கு வந்த டாக்டர் நாடியைப் பார்த்து இறப்பை உறுதி செய்தார். பிறகு முதுகுக்கும் மெத்தைக்கும் நடுவே கையை விட்டு ஒரு தரம் துழாவினார். கையைக் கழுவிக்கொண்டு, கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பினார். அது மிளகுக்கு நல்ல விலை கிடைத்த வருஷம். அதனால் ஏற்காட்டில் துக்கத்துக்கும் குறை வைக்கவில்லை.

மத்தியானத்துக்குள் அடிவாரம் முதல் ஏரி வரைக்கும் ஃபிளெக்ஸ் கட்டிவிட்டார்கள். கொன்றைக்கோட்டை சமஸ்தானத்தின் கடைசி ராணி மறைந்தார் என்று கொட்டை எழுத்து. சேலத்தில் அச்சடித்தவனுக்குக் கிடைத்தது அவருடைய கல்யாணப் படம் ஒன்றுதான். சுற்றுலா வந்தவர்கள் இந்தச் சின்ன வயதிலா என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எண்பது தாண்டியவர் என்று யாரும் அவர்களைத் திருத்தவில்லை. படகுகள் கரையில் கிடந்தன. வியாபாரிகள் கடையடைப்பு அரை நாளா முழு நாளா என்று சண்டை போட்டு, ஷட்டரைப் பாதி இறக்கி வைத்தார்கள். கட்சிக்காரர்கள் வரிசையில் நின்று பட்டுச் சால்வை போர்த்தினார்கள். போர்த்திய ஒவ்வொன்றும் வழுக்கிக் கீழே விழுந்தது. சாயங்காலம் பார்த்தால் தரையில் ஒரு ஜவுளிக்கடைக்கு ஆகும் அளவுக்குச் சால்வை கிடந்தது.

சின்னராஜா சென்னையிலிருந்து வந்தார். ராணியம்மா பெற்ற பிள்ளை அல்ல, ராஜாவின் மூத்த மனைவிக்குப் பிறந்தவர். டிவிக்காரர்கள் முன்னால் உடம்பு இப்படி அந்தரத்தில் நிற்பது அவருக்குக் கௌரவக் குறைச்சலாகப் பட்டது. கட்டில் கால்களுக்குச் செங்கல் வைத்து உயர்த்தச் சொன்னார். கட்டில் எவ்வளவு உயர்ந்ததோ உடம்பும் அவ்வளவு உயர்ந்தது. ராணியம்மாவுக்குச் சமைத்து, தலை வாரிவிட்டு, கூடவே கிழவியாகிப் போன சென்னம்மாள் ஒருத்திதான் ஆச்சரியப்படாமல் நின்றாள்.

"பொறந்த ஊட்டுக் கோடித் துணி வரலீங்க சாமி," என்றாள். "அது மேல விழுந்தாத்தான் அம்மா படுப்பாங்க. அங்க எழவு சொல்ல ஒரு ஆளை அனுப்புங்க."

சிற்றன்னை வடக்கே ஏதோ அரண்மனையில் பிறந்தவர், அங்கே இப்போது ஒருவரும் உயிரோடு இல்லை என்றார் சின்னராஜா. பாவம், அவருக்குச் சொல்லி வளர்த்தது அப்படி. அந்த வடக்கு அரண்மனையை ராஜா தன் உறவுக்காரர்களின் வாயை அடைக்க வாயாலேயே கட்டினார். உண்மையில் ராணியம்மாவின் பிறந்த வீடு, பங்களா வராந்தாவில் நின்று எட்டிப் பார்த்தால் தெரியும். கீழே காப்பி எஸ்டேட்டில், கூலிக்காரர்களுக்குக் கட்டிவிட்ட லைன் வீடுகளில் கடைசி வீடு. மேஸ்திரி ஐயாக்கண்ணுவின் மகள் ராசம்மாள்தான் ராணியம்மா. கோடைக்கு மலையேறிய ராஜா, காப்பிப் பழம் பறித்துக்கொண்டிருந்தவளைப் பார்த்துக் கட்டிக்கொண்டு போனார். லைன் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது என்பது ஒரே நிபந்தனை. ராஜா போய்ச் சேர்ந்ததும் ராசம்மாள் நிரந்தரமாக ஏற்காட்டுக்கே வந்துவிட்டாள். அந்த வருஷமே ஐயாக்கண்ணு செத்தார். அப்பன் முகத்தைப் பார்க்க மகள் வரவில்லை. அன்றோடு தம்பி மாதப்பன் அக்காவைத் தலைமுழுகினார். முப்பது வருஷம், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இருவரும் பேசாமல் இருந்தார்கள்.

அப்பேர்ப்பட்ட மாதப்பன், சாவுச் செய்தி காதில் விழுந்த உடனே கடைவீதிக்குப் போய் அரக்கு நிறத்தில் மஞ்சள் கரை போட்ட நூல் புடவை ஒன்று வாங்கி வந்தார். வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு, புடவையை மடியில் வைத்து, வாசற்படியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. சாவு வீட்டிலிருந்து ஆள் வந்து, வாசலில் நின்று எழவு சொன்னால்தான் பிறந்த வீட்டார் கோடி எடுத்துக்கொண்டு போவார்கள். தானாகத் தெரிந்து போவது வேடிக்கை பார்க்கப் போவது. அக்கம்பக்கத்தார் வந்து சொன்னதெல்லாம் கணக்கில் வராது. அவர் வீட்டு டிவியே நேரலையில் சொல்லிக்கொண்டிருந்தது, அதுவும் வராது. அக்கா அந்தரத்தில் கிடப்பதைத் திரையில் பார்த்தவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

மருமகள் சுதாராணி பொறுக்க மாட்டாமல், "ஏனுங்க மாமா, ஊரே போயிட்டு வந்துருச்சு, நாம போனா என்னங்க?" என்றாள்.

"சொல்ல ஆள் வரட்டும் கண்ணு," என்றார் அவர்.

மறுநாள் சின்னராஜா பொறுமை இழந்தார். காப்பி மூட்டை கட்டும் கயிற்றைக் கொண்டுவந்து உடம்பைப் பாடையோடு சேர்த்துக் கட்டினார்கள். அதுவும் போதாமல் பாடையின் இரண்டு பக்கமும் ஆட்டுக்கல்லைத் தொங்கவிட்டார்கள். கயிறு இறுகுவதைச் சென்னம்மாளால் பார்க்க முடியவில்லை. யாரிடமும் கேட்காமல் கொல்லைப்புறம் வழியாக இறங்கிக் காப்பிச் செடிகளுக்குள்ளே நடந்து மாதப்பனின் வாசலுக்கு வந்தாள்.

"உங்கக்கா தவறிட்டாங்க. எழவு சொல்ல வந்திருக்கேனுங்க."

மாதப்பன் எழுந்தார். எழுந்தவர் சும்மா இருந்தாரா? அப்பன் செத்ததற்கு எட்டிப் பார்க்காதவள், மேலே ஏறினவள் என்று முப்பது வருஷம் அடக்கி வைத்ததை எல்லாம் கொட்டினார். சென்னம்மாள் முழுக்கக் கேட்டாள்.

"உங்கப்பாரு செத்தன்னைக்கு அம்மா கோடி வேட்டி வாங்கி மடியில வெச்சுக்கிட்டு வாசல்லயே உக்காந்திருந்தாங்க," என்றாள். "தம்பி ஆள் உடுவான்னு. நீங்க உடலீங்க. அந்த வேட்டி இன்னும் பொட்டிக்கு மேல ஒரு மொழம் தூக்கலா நிக்குது. அதைச் சுத்தித்தான் இத்தனை வருசமாக் கூட்டிட்டு இருக்கறேன்."

காரில் போகிறவளுக்குத் தனியாக வேறு சொல்ல வேண்டுமா, காதில் விழுந்தால் வரட்டும் என்று அன்று ஆள் அனுப்பாமல் விட்டவர் மாதப்பன்தான். அது அவருக்கு இப்போது நினைவு வந்தது. புடவையை எடுத்துக்கொண்டு ஓடினார்.

பாடை அதற்குள் மேட்டுச் சுடுகாட்டுக்குக் கிளம்பியிருந்தது. சுதாராணி ஜீப் பிடித்தாள். துக்கத்துக்கு வந்த பெரிய மனிதர்களின் கார்கள் ரோட்டை அடைத்துக்கொண்டிருந்தன. பாதியில் இறங்கி, எண்பதை எட்டப்போகிற மனிதர் மேட்டில் மூச்சிரைக்க நடந்தார். போய்ச் சேர்ந்தபோது கொள்ளி வைத்தாகிவிட்டது. புகை மேலே போகவில்லை. தரைக்கு ஒரு முழம் மேலே படிந்து, கூட்டத்தின் முழங்காலை உரசிக்கொண்டு, காப்பிச் செடிகள் வழியாக லைன் வீடுகளைப் பார்த்து இறங்கிக்கொண்டிருந்தது. மாதப்பன் "அக்கா" என்று ஒரு தரம் கூப்பிட்டுப் புடவையைத் தீயில் போட்டார். அது விழவில்லை. தீக்கு ஒரு முழம் மேலே விரிந்து, கருகாமல், சாம்பல் ஆறும் வரைக்கும் நின்றது. ட்ரோன் வைத்திருந்தவன் அதைப் படம் எடுத்தான். இரண்டு நாள் எல்லோருடைய போனிலும் ஓடியது. பிறகு ஊர் வேறு வேலையைப் பார்க்கப் போனது.

பங்களாவை விற்றபோது சென்னம்மாள் அந்த வேட்டியை முனையில் பிடித்து, ஆட்டுக்குட்டியைக் கூட்டி வருவது போல லைனுக்குக் கூட்டி வந்தாள். சாம்பல் ஆறியதும் மாதப்பன் எடுத்து வந்த புடவையும் இந்த வேட்டியும் அவர் வீட்டில் பக்கம் பக்கமாக, ஆள் படுத்திருக்கும் நீளத்துக்கு விரிந்து நிற்கின்றன. இடத்தை அடைக்கிறது என்று சுதாராணி முதலில் முணுமுணுத்தாள். இப்போது அடியில் விளக்குமாற்றை விட்டுக் கூட்டப் பழகிவிட்டாள். எஸ்டேட்டில் யார் செத்தாலும் எழவு சொல்லப் போகிறவர் மாதப்பன்தான். குப்பனூர் வரைக்கும் இறங்கிப் போய்ச் சொல்லியிருக்கிறார். பேச்சுவார்த்தை இல்லாத வீடு என்றால் அங்கே முதலில் போவார். போய்விட்டு வந்ததும் குனிந்து புடவைக்கு அடியில் கையை விட்டுப் பார்ப்பார். ஒரு முழம் அப்படியே இருக்கும். கையைக் கழுவிக்கொண்டு சாப்பிட உட்காருவார்.