புரட்டாசியில் மண்டோர் அவித்த மீன்

எஸ்டேட் ஆபீஸ் மைக்ரோவேவின் மேல் மேனேஜர் ஒரு தாள் ஒட்டியிருந்தார்: இறைச்சி கூடாது, மீன் பரவாயில்லை. மலாய்க்காரர்களும் தமிழர்களும் சேர்ந்து சாப்பிடும் இடத்தில் சண்டை வராமலிருக்க அதுதான் வழி. பதினோரு மாதம் யாருக்கும் தொந்தரவில்லை. புரட்டாசி பிறந்தால் லோகேஸ்வரிக்குத்தான் தலைவேதனை.

அங்கே கணக்கெழுதும் கிராணி வேலை பார்ப்பவள் அவள். லுக்குட் முச்சந்தியில் மோட்டாரிலிருந்து விழுந்த புருஷன் ஊன்றுகோல் இல்லாமல் நடக்க வேண்டும் என்று பெருமாளுக்கு நேர்ந்துகொண்டு, மாதம் முழுக்க விரதம் இருந்தாள். மீன் வாடை அடிக்கும் பெட்டியில் சூடுகாட்ட மனம் வராமல் சாம்பார் சோற்றை ஆறிப்போனபடியே தின்றாள்.

கூலியாட்களை மேய்க்கும் மண்டோர் தங்கராஜுவும் விரதம்தான், வீட்டில் இருக்கும்வரை. அவர் மனைவி மயிலம்மாள் மீன்சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள். அவரும் தினமும் நாமம் போட்டுக்கொண்டு கிளம்புவார். வழியில் பாசார் சந்தையில் இரண்டு கெம்போங் மீன் வாங்கி, ஆபீஸ் பின்பக்கம் கழுவி, மஞ்சளும் மிளகாய்த்தூளும் தடவி, மூடிபோட்ட டப்பாவோடு வந்து நிற்பார். பட்டன் அமுக்க மட்டும் தெரியாது.

"எத்தன நிமிஷம்னு நீயே அமுக்கிடு லா, லோகா."

"அண்ணே, நான் விரதம்."

"நீ பட்டனத்தான அமுக்குற? மீன நான்தான திங்கப் போறேன்."

எட்டு நாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, மூடியைத் தளர்த்தி வைத்து அமுக்கிக் கொடுத்தாள். அவர் தின்று முடித்ததும் எலுமிச்சைத் தோலால் பெட்டியைத் தேய்த்தாள். இதில் விரதம் பங்கமாகிறதா இல்லையா என்று யாரைக் கேட்பது? ஒன்பதாம் நாள் பொறுமை போய்விட்டது.

"நீங்களே அமுக்கிக்குங்க."

அவர் கைக்கு வந்த எண்களையெல்லாம் அமுக்கினார். இறுக்கி மூடிய டப்பா உப்பிக்கொண்டே போனது. பதறிக் கதவைத் திறந்தார். மூடி பறந்து, மீனும் மசாலாவும் அவர் சட்டையில் வந்து அப்பின. நாமம் மட்டும் கலையவில்லை. சட்டை மாற்ற வீட்டுக்கு ஓடினார்.

அரை மணி நேரத்தில் லோகேஸ்வரியின் போன் அடித்தது. மயிலம்மாள்தான்.

"என்னா லோகா, புரட்டாசியில ஆபீஸ்ல மீன் அவிக்கிறியாமே? ஒன் மீனு வெடிச்சி எங்க வீட்டுக்காரரு சட்டையெல்லாம் நாறுது. அவரு விரதக்காரருன்னு தெரியாது? சனிக்கெழம எந்த மூஞ்சியோட கோயிலுக்கு வருவ?"

லோகேஸ்வரியின் கையில் துடைக்கிற துணி இருந்தது. அதில் மசாலாவும் மீன்தோலும் அப்பியிருந்தன.

"அக்கா," என்றாள். "மொத நாள்லேருந்து நான் சைவம். எட்டு நாளா பட்டன் அமுக்கிக் குடுத்தது நாந்தான். அந்தப் பாவம் என்னுதுன்னா பெருமாள்கிட்ட நானே சொல்லிக்கிறேன். மீனு என்னுது இல்ல."

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரத்தைத் தரையில் வைக்கும் ஓசை.

"குளிச்சிக்கிட்டிருக்காரு," என்றாள் மயிலம்மாள். "வரட்டும்."