யுகுண்டா வாழ்ந்த நாள்கள்

1.

நான் வாய்விட்டு வாசித்த ஒரு பொய்யிலிருந்துதான் இந்தக் கதை பிறந்தது. ரோமாபுரியின் துறைமுகமான ஒஸ்தியாவின் ஊர்வாசலுக்கு வெளியே, கல்லறைகள் வரிசையாக நிற்கும் சாலையில் ட்ரோபிமுஸ் கல் வெட்டுகிறான். வெட்டவேண்டிய வாசகத்தை எழுதித் தருகிறவன் நான். செத்தவர்களுக்கு நான்தான் வாய் என்ற திமிரும் எனக்கு உண்டு.

முதல் தொடக்கம்: ‘அழகிய யுகுண்டா இங்கே உறங்குகி...’

வேண்டாம். அவள் அழகியா என்று எனக்குத் தெரியாது. வாரத்துக்கு மூன்று பேரை இப்படி அழகாக்கிக்கொண்டிருக்கிறேன்.

2.

குளியல் மண்டப வாசலில் வறுத்த கொண்டைக்கடலை விற்கும் தல்லூசா, மகள் யுகுண்டாவின் சாம்பல் கலயத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். இருவரும் அடிமைகளாக இருந்த காலத்தில், பால்பல் விழும் முன்பே மகளை வேறு வீட்டுக்கு விற்றுவிட்டார்கள். தான் விடுதலையான பிறகு உழைத்து உழைத்து மகளையும் மீட்டாள். மீட்ட ஐந்தாம் மாதமே காய்ச்சல் கொண்டுபோய்விட்டது.

“வயசு என்னம்மா போடணும்?”

“நாலு மாசம், ஒம்பது நாள்னு போடுங்கய்யா.”

“பச்சப்புள்ள செத்துடுச்சுன்னுல்ல நெனப்பாங்க!”

“நெனைக்கட்டும். ‘வாழ்ந்தாள்’னுதான எழுதுவீங்க? எங்கிட்ட வந்தப்புறந்தான்யா அவ வாழ்ந்தா.”

(இந்த இடத்தில் அவளை அழவைத்து நாலு வரி எழுதியிருந்தேன். தேய்த்து அழித்துவிட்டேன். அவள் அழவில்லை, எனக்கு ஒரு கை கடலை கொடுத்தாள்.)

3.

சரியென்று தலையாட்டியவன், கைப்பழக்கத்தில் ‘இருபது ஆண்டுகள் வாழ்ந்தாள்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். வயது சரியாகத் தெரியாதவர்களை ஐந்து, பத்தாக முழுசாக்குவது எங்கள் வழக்கம். கவனிப்பதற்குள் ட்ரோபிமுஸ் வெட்டி முடித்திருந்தான்.

“கல்லு என்ன உன் மெழுகுப் பலகையா, தேய்ச்சு அழிக்க? அவளுக்குத்தான் எழுத்துத் தெரியாதேய்யா. உன் பொழப்பப் பாரு.”

இலக்கமாக வெட்டியிருந்தால் கடலைக்காரி கண்டுபிடித்திருப்பாள். எண்ணையும் எழுத்தால் வெட்டுவது எங்கள் பட்டறையின் பெருமை.

கல்லைப் பார்க்க வந்த தல்லூசா, “வாசிங்கய்யா” என்றாள்.

வாசித்தேன்: “நான்கு மாதம், ஒன்பது நாள் வாழ்ந்தாள்.”

‘இருபது’ என்ற சொல்லை விரலால் தடவி, “இதா?” என்றாள்.

ஆமாம் என்றேன். வெட்கமாக இருக்கிறது.

4.

முடிவு ஒன்று: உண்மையைச் சொல்லிப் புதுக் கல் தருகிறேன். (மூன்று முறை அவளிடம் போனேன். மூன்று முறையும் கடலை வாங்கிக்கொண்டு திரும்பினேன்.)

முடிவு இரண்டு: அவளுக்குக் கடைசிவரை தெரியவே...

எப்படித் தெரியாமல் போகும்? செத்தவர்களுக்குப் படைக்கும் நாள்கள் பிப்ரவரியில் வருகின்றன. ஒயினில் நனைத்த ரொட்டியோடு கல்லருகே நிற்பாள். போகிறவர் வருகிறவரை நிறுத்தி வாசிக்கச் சொல்வது இந்தச் சாலையின் வழக்கம். யாரோ ஒருவர் வாசித்துத்தான் தீருவார்.

வழிப்போக்கரே, இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள். அதோ, கையைக் காட்டி உங்களைத்தான் கூப்பிடுகிறாள்.

“கொஞ்சம் நில்லுங்க. எம்மக எத்தன நாள் வாழ்ந்தான்னு சத்தமா வாசிச்சுட்டுப் போங்க.”

கல்லில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். இனி வாய் உங்களுடையது.