ஆட்டம் தொடங்குவதற்கு முன்

கைகள் தட்டிக்கொண்டே இருக்கின்றன, எத்தனையோ ஆயிரம் கைகள், யாருக்காக என்று எனக்குத் தெரியவில்லை, தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுவதுபோல் சத்தம், எல்லோரும் எழுந்ததால் நானும் எழுந்து நிற்கிறேன், அக்காவின் பெரிய கோட்டுக்குள் என் கைகள் எங்கேயோ இருக்கின்றன, கீழே புல் இவ்வளவு பச்சையாக இருக்குமா, பெயின்ட் அடித்திருப்பார்களோ, எங்கள் வியாசர்பாடி மைதானத்தில் புல் ஏது, மண்ணும் கண்ணாடிச் சில்லும்தான், அதில் வெறுங்காலோடு அரசு பந்தைத் தள்ளிக்கொண்டு வருகிறான், இல்லை, அவன் எப்படி வருவான், என் அண்ணன் செத்து ஒரு வருடமாகிறது.

இந்த ஊர் கால்பந்து அணியின் சட்டையைப் பிளாட்பாரத்தில் வாங்கி அது வெளுக்கும்வரை போட்டுத் திரிந்தவன் அவன், மேகலா அக்கா நர்ஸ் வேலை கிடைத்து இங்கிலாந்துக்குக் கிளம்பியபோது, என்னை ஒரு மேட்சுக்கு இட்டுக்கினு போவியா என்று கேட்டான், வாடா பாத்துக்கலாம் என்றாள், அதற்குள் அவனுக்குக் காமாலை வந்துவிட்டது, அக்காவுக்கு லீவு கிடைக்கவில்லை, அவள் வந்து அவன் முகம் பார்க்காமலே எடுத்துவிட்டோம், அன்றோடு அம்மா அவளிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். நான் விமானம் ஏறும்போது அம்மா ஒன்றுதான் சொன்னாள், தம்பிக்காக அவ ஒரு சொட்டாவது அழுதாளான்னு பாத்துக்கினு வா, அழுதான்னு நீ சொன்னா போதும், நான் பேசறேன். வந்த நாளிலிருந்து பார்க்கிறேன், அக்கா பாலம் காட்டுகிறாள், கோட்டை காட்டுகிறாள், அரசு பெயரை எடுத்தால் மட்டும் குக்கரைப் பார்க்க எழுந்து போய்விடுகிறாள், குக்கர் அடுப்பிலேயே இருக்காது, நேற்று திடீரென்று, மேட்சுக்குப் போலாண்டி என்றாள், ஏன் என்று கேட்க எனக்குப் பயமாக இருந்தது.

பெரிய திரையில் ஒரு கிழவர் சிரிக்கிறார், கழுத்தில் சிவப்புத் துண்டு, யாரோ பழைய ஆட்டக்காரருக்குப் பாராட்டு என்று நினைத்து, நாலு பேர் முன்னால் வாய் திறக்காத நான், விரலை மடக்கி வாயில் வைத்து அரசு சொல்லிக்கொடுத்த விசிலை அடிக்கிறேன், அக்கா என் கையைப் பிடித்து இழுக்கிறாள், இன்னாடி பண்றே, செத்துப்போனவருடி அவரு, இந்த கிரவுண்டு கேட்டைத் திறந்துவிடுற வேலை பாத்தவராம், போன வாரம் செத்துட்டாராம். செத்தவருக்கா கை தட்டுகிறார்கள் என்கிறேன். இங்க அப்படித்தான் என்கிறாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, எங்கள் தெருவிலும் விசில் உண்டு, பறை உண்டு, அரசுவின் கூட்டாளிகள் வெடி போட்டு ஆடிக்கொண்டே போனார்கள், ஆனால் கை தட்டவில்லை, பெண்களைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டார்கள், அதற்குமேல் நான் பார்த்ததெல்லாம் கனவில்தான், கனவில் சுடுகாடு இப்படித்தான் பச்சையாக இருக்கும், சுற்றிலும் படிப்படியாக ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். பக்கத்துச் சீட்டுப் பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் ஏதோ சொல்கிறார், விசில் அடிச்சதுக்குத் தேங்க்ஸாம் என்கிறாள் அக்கா, எதுக்கு என்கிறேன், எனக்கு இன்னா தெரியும் என்கிறாள்.

நடுவர் ஊதுகிறார், ஆட்டம் தொடங்குகிறது, எல்லோரும் உட்கார்கிறார்கள், அக்கா மட்டும் நிற்கிறாள், தட்டிக்கொண்டே நிற்கிறாள், அக்கா உக்காரு, பின்னாடி மறைக்குது, அவள் காதில் விழவில்லை, பந்து இந்தப் பக்கம் வந்து திரும்பிப் போகிறது, அவள் பந்தையும் பார்க்கவில்லை, கண்ணில் ஒரு சொட்டு இல்லை, அம்மாவிடம் என்ன சொல்வேன், அழவில்லை, கை தட்டினாள் என்றா, அப்படிச் சொன்னால் அடித்தே போட்டுவிடுவாளே. அப்போது அக்கா என் பக்கம் திரும்பாமல் கேட்கிறாள், யாரு யாருடி அவன்கூட கடைசி வரைக்கும் போனது. தெருமுனையோடு நின்றவள் நான், ஆனாலும் எழுந்து அவள் பக்கத்தில் நிற்கிறேன், டைலர் பாபு போனாரு, சின்னத்தம்பி மாமா போனாரு, டீம் பசங்க எல்லாரும், யார் யார் முகம் வருகிறதோ அவர்களையெல்லாம் சொல்கிறேன், ஒவ்வொரு பெயருக்கும் அவள் கைகள் ஒரு முறை சேர்ந்து விலகுகின்றன, இவ்வளவு பெரிய மைதானத்தில் அந்த இரண்டு கைகள் மட்டும்.