தேறின பிறகு போட ஒரு சட்டை

நான் இளைத்துவிட்டேன் என்பதை உலகத்துக்கு முதலில் அறிவித்தது என் பேண்ட்தான்.

நான் நில அளவையர். அன்று ஓர் அண்ணனுக்கும் தம்பிக்கும் வேலித் தகராறு. டேப்பின் ஒரு முனையைக் கல்லில் மாட்டிவிட்டு, மறுமுனையை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்து எண்ணைப் படிக்கிற நேரம், இடுப்புப் பக்கம் திடீரென்று காற்றோட்டம். டேப்பை விட்டால் அளவு போகும், விடாவிட்டால் மானம் போகும். நான் அளவைக் காப்பாற்றினேன். முகத்தோடு முகம் பார்க்காத அண்ணனும் தம்பியும் அன்று ஒருத்தர் தோளை ஒருத்தர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அந்தத் தகராறு அதோடு தீர்ந்தது என்று கேள்வி.

எப்படி இளைத்தேன் என்று கேட்காதீர்கள். வாயைக் கட்டினேன், காலை அவிழ்த்து விட்டேன். அதில் அதற்கு மேல் சரக்கு கிடையாது.

அலுவலகத்தில் என் பெயர் பீரோ. ஆவண அறை வாசலில் நான் நின்றுகொண்டிருந்தபோது, உள்ளே வர வழியில்லாத ஒருத்தர், "இந்த பீரோவை யாருப்பா நடுவழியில வச்சது?" என்று கேட்டாராம். அன்றிலிருந்து அதுவே நிலைத்துவிட்டது. ஊரார் ஆக்கிரமிப்பையெல்லாம் அளந்து வரைபடம் போட்டவன், என் வயிறு செய்த ஆக்கிரமிப்பை மட்டும் கண்டும் காணாமல் விட்டிருந்தேன். இப்போது நிலத்தை மீட்டாயிற்று. ஊர் மெச்சும் என்று நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன்.

ஊர் மெச்சவில்லை. "என்ன சார், சுகரா?" என்றது. "வீட்ல எதுவும் மனக்கஷ்டமா?" என்றது. எதிர் வீட்டுக்காரர் ஒரு பை நிறைய ஆரஞ்சுப் பழத்தோடு வந்து, கதவைத் திறந்த என்னிடமே, "சார் எந்த ரூம்ல படுத்திருக்கார்?" என்று மெதுவாகக் கேட்டார்.

குற்றம் அவர்கள் மேல் இல்லை. உடம்புதான் மாறியிருந்தது, உடுப்பு மாறவில்லை. பழைய சட்டைக்குள் நான் இருக்கிறேனா, வெளியே போயிருக்கிறேனா என்று தட்டிப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

ஊர் கிடக்கட்டும். எனக்கு வேண்டியது ஒரே ஒரு ஆளின் வாயிலிருந்து ஒரே ஒரு வார்த்தை. அந்த ஆள் என் மனைவி. ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். என் பெல்ட்டில் நான் புதிதாக ஓட்டை போட்ட அன்றே என்னைக் கையைப் பிடித்து இழுத்துப்போய் ரத்தம் எடுத்துவிட்டாள். பிறகு ஸ்கேன். பிறகு மறுபடி ரத்தம். எல்லாம் நார்மல் என்று வந்தபோது, ரிப்போர்ட்டை மடித்துக்கொண்டே, "நல்லா இருக்கீங்க" என்றாள்.

அது அவள் வார்டில் கட்டில் கட்டிலாகச் சொல்லிக்கொண்டு போகிற 'நல்லா இருக்கீங்க'. எனக்கு வேண்டியது அதே வார்த்தைதான், ஆனால் வேறு வார்த்தை. மீசையை முறுக்கிக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்கும் புருஷனைப் பார்த்து ஒருத்தி சொல்வாளே, அது.

"ஒரு மனுஷன் இவ்வளவு கஷ்டப்பட்டு இளைச்சிருக்கேன், நீ பாட்டுக்கு ஊசியோட வர்றியே" என்று ஒருநாள் வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

"என்னங்க பண்றது. என் வேலையில, இளைச்சு வந்தவங்க யாரும் நல்ல சேதியோட வந்ததில்ல" என்றாள். சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டாள். அதற்கு மேல் நான் கிண்டல் செய்யவில்லை.

அந்த வாரம்தான் அவளுக்கு ஆஸ்பத்திரி விழாவில் விருது என்று சேதி வந்தது. ஞாயிறு சாயங்காலம். குடும்பத்தாரும் மேடையேறிப் படம் எடுத்துக்கொள்ள வேண்டுமாம்.

அந்த விழாவுக்கும் எனக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. ஒரு வருஷம் முன்வரிசையில், கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். எல்லோரும் எழுந்து கைதட்டினபோது நானும் எழுந்தேன். நாற்காலியும் என்னோடு எழுந்தது. நான் திரும்பினால் அதுவும் திரும்பியது. இரண்டு வார்டு பாய்கள் சேர்ந்துதான் எங்களைப் பிரித்தார்கள். அதற்குப் பிறகு விழா நாளிலெல்லாம் எனக்கு ஊரில் எங்காவது அவசரமாக ஒரு வேலியை அளக்க வேண்டியிருந்தது.

"இந்தத் தடவை நான் வர்றேன்" என்றேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தாள். "கட்டாயம் இல்லங்க. இந்த உடம்போட எதுக்கு அலைச்சல்?"

இந்த உடம்போட! அந்த நிமிஷமே முடிவு செய்தேன். ஞாயிற்றுக்கிழமை அந்த மேடையில் நிற்கப் போவது நோயாளி இல்லை, மாப்பிள்ளை.

மகளைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டேன். கல்லூரியில் படிக்கிறாள். சாதாரண நாளில் நான் அப்பா. கோபம் வந்தால் மிஸ்டர் பீரோ. இரண்டு பேரும் நிஜ பீரோவைத் திறந்து எல்லாவற்றையும் கட்டிலில் கொட்டினோம். கருநீலம், கறுப்பு, கரும்பச்சை, மறுபடி கருநீலம். கறுப்பு ஒல்லியாகக் காட்டும் என்று எவனோ சொன்னதை நம்பி வாங்கியவை. மழைக்கு ஒதுங்கின குடைக் கூட்டம் மாதிரி கிடந்தன.

"அப்பா, இதெல்லாம் உங்களுக்குப் பிடிச்சு வாங்கினதா?"

"பிடிச்சதான்னு யார் பார்த்தா? உள்ள நுழைஞ்சதா, வாங்கியாச்சு."

அவள் கருநீலத்தில் இரண்டை உருவித் தோளில் போட்டுக்கொண்டாள். "இது எனக்கு."

"அடியே, அதுக்குள்ள உன் வகுப்பே போகலாம்."

"அதான்பா ஃபேஷன். ஓவர்சைஸ்."

நான் வாழ்நாள் முழுக்க ஃபேஷனில்தான் இருந்திருக்கிறேன். ஒரு பாவியும் சொல்லவில்லை.

துணிக்கடைக்குப் போனோம். முன்பெல்லாம் என்னைக் கண்டதும் விற்பனையாளர்கள் "மாடியில பாருங்க சார்" என்பார்கள். மாடிக்குப் போனால் "கீழ இருக்குமே சார்" என்பார்கள். இப்போது ஒரு பெண் சிரித்த முகமாக வந்து, "உங்களுக்கு என்ன கலர் சார் பிடிக்கும்?" என்று கேட்டாள்.

"பெரிசா இருந்தா போதும்மா."

பழக்க தோஷம். மகள் தலையில் அடித்துக்கொண்டாள்.

பேண்ட் போட்டுப் பார்க்கும் அறைக்குள் போனவன் வெளியே வர மனமில்லாமல் கிடந்தேன். பொத்தான் மாட்டியது! வயிற்றை எக்காமல், மூச்சைப் பிடிக்காமல், சாமியை வேண்டாமல் மாட்டியது! பக்கவாட்டில் திரும்பிக் கண்ணாடியைப் பார்த்தேன். எனக்கும் ஒரு பக்கவாட்டுத் தோற்றம் இருந்தது. இத்தனை காலம் எந்தப் பக்கம் திரும்பினாலும் முன்பக்கமாகத்தான் தெரிவேன். உட்கார்ந்து பார்த்தேன், எழுந்து பார்த்தேன், குனிந்து கால் கட்டைவிரலை நலம் விசாரித்தேன். கதவைத் தட்டி, "அப்பா, உள்ள டான்ஸ் ஆடறீங்களா?" என்றாள் மகள். ஆடிக்கொண்டுதான் இருந்தேன்.

காப்பி நிறத்தில் ஒரு பேண்ட், சாம்பலில் ஒன்று. சட்டை வரிசையில் ஒரு மாம்பழ மஞ்சள் தொங்கியது. தொட்டேன். நாலடி போனேன், திரும்பி வந்து மறுபடி தொட்டேன்.

"எடுங்கப்பா."

"மஞ்சளா? ஸ்கூல் பஸ்னு கை காட்டி நிறுத்துவாங்க."

"அப்ப நான் எடுத்துக்கறேன். ஓவர்சைஸ்" என்று அவள் கூடையில் போட்டுக்கொண்டாள். எனக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது. வெளியே காட்டிக்கொள்ளாமல் வெளிர்நீலத்தில் சட்டைத் துணி வாங்கினேன். உடம்போடு உடம்பாக நிற்கும்படி, என் அளவுக்கென்றே, டெய்லரிடம் தைப்பதாகத் திட்டம்.

எங்கள் டெய்லர் கடையில் ஓர் ஆணியில் என் அளவுச் சட்டை பல வருஷமாகத் தொங்குகிறது. துணியைக் கொடுத்தால் போதும், அதை வைத்து வெட்டிவிடுவார். "அது வேணாம், புதுசா அளவெடுங்க" என்றேன். டேப்பை என் மார்பைச் சுற்றிப் போட்டார். எண்ணைப் பார்த்தார். எடுத்து உதறிவிட்டு மறுபடி போட்டார். பெருமூச்சு விட்டார்.

"ராத்திரி தூக்கம் எல்லாம் வருதா சார்?"

"ஜோரா வருது. ஞாயித்துக்கிழமை மத்தியானத்துக்குள்ள வேணும். விழா."

"கவலைப்படாதீங்க சார். எல்லாம் சரியாயிடும்" என்றார். தையலைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன்.

ஞாயிறு மத்தியானம் போனேன். தேய்த்து மடித்துத் தயாராக வைத்திருந்தார். அங்கேயே போட்டுப் பார்த்தேன். தோள் முழங்கையில் இருந்தது. முன்பக்கம் பாய்மரம் போலக் காற்று வாங்கியது. ஆணியைப் பார்த்தேன். அளவுச் சட்டையும் நானும் ஒட்டிப் பிறந்த இரட்டையர் போல இருந்தோம்.

"என்னய்யா இது? புதுசா அளவெடுத்தீங்களே!"

"எடுத்தேன் சார்." அவர் கத்தரிக்கோலை இங்கும் அங்கும் நகர்த்தி வைத்தார். "அந்த அளவுல வெட்ட எனக்குக் கை வரல. மேடத்தை பஸ் ஸ்டாப்ல பாத்தேன். சார் எப்படி இருக்கார்னு கேட்டேன். 'டெஸ்ட் எல்லாம் நார்மல்'னுதான் சொன்னாங்க, ஆனா முகமே சரியில்ல. நீங்க தேறி வருவீங்கல்ல சார்? தேறின பிறகு சட்டை பத்தாம போயிடக் கூடாதுல்ல? அதான் முன்கூட்டியே யோசிச்சுத் தைச்சேன்."

வளர்கிற பிள்ளைக்குப் பெரிதாகத் தைப்பது போல எனக்குத் தைத்திருக்கிறார்! கோபம் தொண்டை வரை வந்தது. அவர் கண்ணைப் பார்த்ததும் வந்த வழியே இறங்கிப் போய்விட்டது. எனக்கு ஒன்றுமில்லை, நானாகத்தான் இளைத்தேன் என்று சொன்னபோது, "அப்படியே தைரியமா இருங்க சார்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். பிரித்துத் தைக்க நாளை ஆகுமாம்.

மனைவி காலையிலேயே டியூட்டிக்குப் போயிருந்தாள். அந்தப் பாய்மரத்தோடு வீட்டுக்குள் நுழைந்தவன் சோபாவில் விழுந்தேன். அவ்வளவுதான். இதைப் போட்டுக்கொண்டு மேடையேறினால் யாராவது ஸ்ட்ரெச்சர் கொண்டு வருவார்கள். போகாமலே இருந்துவிடலாம். எங்காவது ஒரு வேலி இருக்கும்.

மகள் சட்டையைப் பிடித்து இரண்டு பக்கமும் விரித்துப் பார்த்தாள். "சூப்பர். இது எனக்கு."

"எடுத்துக்கோ. எனக்குத்தான் போட ஒண்ணுமில்ல."

அவள் தன் அறைக்குள் போய், கத்தரிக்காத விலைச் சீட்டோடு மாம்பழ மஞ்சளைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். "எனக்கு ஓவர்சைஸ். உங்களுக்கு சைஸ். எழுந்திரிங்க மிஸ்டர் பீரோ, நேரமாச்சு!"

போட்டேன். தோள் தோளில் உட்கார்ந்தது. காலர் கழுத்தோடு சிநேகமாக இருந்தது. கண்ணாடியில் ஸ்கூல் பஸ் எதுவும் இல்லை. கொஞ்சம் வயசான, கொஞ்சம் திமிர் பிடித்த ஒரு மனிதன் இருந்தான். எனக்கு அவனை உடனே பிடித்துப்போயிற்று. எனக்குப் பிடித்த கலர் என்னவென்று இந்த வயதில்தான் தெரிந்துகொண்டேன்.

விழாவில் மகளும் நானும் முன்வரிசை. அதே கைப்பிடி நாற்காலி. மனைவி யூனிஃபார்மில், மேடையோரம் மற்ற நர்ஸ்களோடு நின்றிருந்தாள். கூட்டத்தில் என்னைத் தேடுவது தெரிந்தது. அவள் கண் கருநீலத்தைத் தேடியது. என்னைத் தாண்டிப் போனது, திரும்பி வந்து மறுபடி தாண்டியது. பக்கத்தில் நின்ற நர்ஸ் ஏதோ கேட்க, இவள் உதட்டைப் பிதுக்கினாள். வரவில்லை போலிருக்கிறது என்கிறாள். நான் கையை ஆட்டவில்லை. இந்த ஒரு தடவை அவளாகவே கண்டுபிடிக்கட்டும்.

அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள்.

நான் எழுந்தேன். நாற்காலி எழவில்லை.

திரும்பிப் பார்த்தேன். தன் பாட்டுக்குத் தரையில் நின்றுகொண்டிருந்தது. எனக்கு வந்த மகிழ்ச்சியில் அதற்கே ஒரு விருது கொடுத்திருப்பேன். "அப்பா, மேடை!" என்று மகள் முதுகில் தள்ளினாள். இரண்டிரண்டு படியாக ஏறினேன்.

மேடையில் யாரோ ஒரு மஞ்சள் சட்டைக்காரன் தன்னை நோக்கி ஓடி வருவதைப் பார்த்து மனைவி மரியாதையாக நகர்ந்து வழி விட்டாள். பிறகுதான் முகத்தைப் பார்த்தாள். வாய் திறந்தது, மூடவில்லை.

"அக்கா, யாரு இது? தம்பியா?" என்றாள் பின்னாலிருந்த நர்ஸ்.

"எங்க வீட்டுக்காரர்டி" என்றாள், என் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

போட்டோகிராபர் நெருங்கி நிற்கச் சொன்னார். அவள் விரல் என் மணிக்கட்டைப் பிடித்தது. இங்கேயுமா!

"பல்ஸ் பாக்கறியா?"

"இல்ல. சும்மா பிடிச்சிருக்கேன்." பிறகு கேமராவைப் பார்த்துக்கொண்டே, பல்லுக்கிடையில் சொன்னாள்: "நல்லா இருக்கீங்க."

"ரிப்போர்ட் பாத்தா சொல்றே?"

"உங்களைப் பாத்துத்தாங்க சொல்றேன். சும்மா நில்லுங்க, எல்லாரும் பாக்கறாங்க."

அவள் காது சிவந்திருந்தது. கல்யாணமான புதிதில் பார்த்தது.

அந்தப் படத்தில் அவள் கையில் விருது இருக்கிறது. ஆனால் ஜெயித்தவன் மாதிரி இளிப்பவன் நான்தான். திங்கட்கிழமை அதை டெய்லரிடம் காட்டினேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தவர் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

"பாத்தீங்களா சார்? நான் சொன்னேன்ல!" என்றார். "தேறிட்டீங்க!"

ஆணியிலிருந்து பழைய அளவுச் சட்டையைக் கழற்றிக் கொடுத்தார். மகளுக்கு ஆகும்.