முள்ளம்பன்றி கொட்டிய தண்ணீர்

முள்ளம்பன்றி வேடத்துக்கு ஒருத்தியும் கை தூக்கவில்லை. கிளி வேண்டும் என்றார்கள், முயல் வேண்டும் என்றார்கள். மான் வேடத்துக்கோ அடிபிடியே நடந்தது. கடைசியில் ஸக்கியா மானானாள். கூட்டாளி மானென்றால் அவள் பக்கத்தில் நிற்க எந்த வேடமானாலும் சரி என்று சுந்தரி முள்ளம்பன்றியானாள். முதுகு முழுக்க ஈர்க்குக் குச்சி செருகிய சாக்கு. சும்மா சொல்லக் கூடாது, விளக்குமாறு ஒன்று எழுந்து நடந்து வருவதுபோலத்தான் இருக்கும்.

இரண்டு பேருக்கும் மஹய்யாவையில் பக்கத்துப் பக்கத்து வீடு. ஒரே வகுப்பு, உட்காருவதும் ஒரே வாங்கில். நாடகம் இராஜேஸ்வரி டீச்சர் எழுதியது. காடு வறண்டு கிடக்கிறது. முள்ளம்பன்றி தண்ணீரை ஒளித்து வைத்துக்கொண்டு, சிநேகித மானுக்கே இல்லை என்கிறது. மான் தாகத்தில் சுருண்டு விழுந்த பிறகு அதற்குப் புத்தி வருகிறது. செம்போடு ஓடி வந்து மானின் கையில் ஊற்றுகிறது. மான் குடித்துவிட்டு, "உயிர் வந்தது, நண்பா" என்று சொல்லத் திரை விழ வேண்டும்.

"ஒரு சொல்ல மாத்தினாலும் அடுத்த வருஷம் மேடைப் பக்கமே வரக் கூடாது" என்று டீச்சர் சொல்லியிருந்தார். அவர் சொன்னால் சொன்னதுதான். போன வருஷம் ராஜகுமாரி வேடத்தில் சொந்தமாக வசனம் பேசியவள், இந்த வருஷம் திரை இழுத்துக்கொண்டிருந்தாள்.

மாவட்டப் போட்டி நோன்பு மாதத்தில் வந்து விழுந்தது. அந்த வருஷம்தான் ஸக்கியா முழு நோன்பும் பிடிப்பதென்று வைராக்கியமாக இருந்தாள். "ஒனக்கு ஏலாது, பாதியில விட்டுருவ" என்று அவளுடைய நானா கேலி செய்திருந்தான். அண்ணன்மார் எல்லாரும் அப்படித்தானே. அவள் ஒன்றையும் விடவில்லை. செம்பு வெறுஞ்செம்பு, குடிப்பது வெறும் நடிப்பு என்று டீச்சரே சொல்லிவிட்டதால் நாடகத்தைப் பற்றியும் கவலையில்லை.

போட்டி கம்பளையில். பின்னேரமாகியும் அவர்கள் முறை வரவில்லை. ஸக்கியாவின் உதடு காய்ந்து வெடித்திருந்தது.

"முடியுமா புள்ள?" என்றாள் சுந்தரி.

"ஏலும். மான் தாகத்துலதானே விழப் போகுது. நடிக்கவே தேவல்ல."

இந்த இடத்தில்தான் சுந்தரியின் அம்மா பரிமளம் உள்ளே வருகிறார். தங்கமான மனுஷி. அந்தத் தங்கமான மனசுதான் வினையாகப் போனது. பிள்ளைகளுக்குத் துணையாக வந்தவர், மேடையோரத்தில் செம்பு காலியாக இருப்பதைக் கண்டார். வெறுஞ்செம்பை ஒருவர் முன்னால் நீட்டுவது அவர் வீட்டில் நடக்காத காரியம். ஆகாதவர் வந்தாலும் நீட்ட மாட்டார். அதுவும் மேடையில், நாலு பேர் பார்க்க நீட்டுவதா? நாடகத்தையும் அவர் பார்த்ததில்லை, யார் குடிக்கப் போகிறார்கள் என்று அவருக்கு எங்கே தெரியும். போத்தலில் கொண்டுவந்த எலுமிச்சம்பழச் சாற்றில் பாதியைச் செம்பு நிறைய ஊற்றி வைத்துவிட்டு, திருப்தியோடு போய் முன்வரிசைக் கதிரையில் உட்கார்ந்துகொண்டார்.

நாடகம் அருமையாகப் போனது. மான் விழுந்தபோது மண்டபமே மூச்சுக் காட்டவில்லை. சுந்தரி ஓடிப்போய்ச் செம்பைத் தூக்கினாள்.

பாரம். எலுமிச்சை வாசம் மூக்கில் ஏறியது.

எதிரே ஸக்கியா மண்டியிட்டு இரண்டு கையையும் குவித்து ஏந்தியிருந்தாள். அவளுக்கும் வாசம் எட்டிவிட்டது, கண் விரிந்தது. ஆனால் கையை இறக்கவில்லை. குடிக்காமல் சிந்தினால் நாடகம் கெடும், குடித்தால் நோன்பு போகும். பள்ளிக்கூடத்துக்காக இவள் குடித்தே விடுவாள் என்று சுந்தரிக்குத் தெரியும். பிறகு வீட்டுக்குப் போய்த் தலையணைக்குள் முகத்தை வைத்து அழுவாள் என்றும் தெரியும். திரை மறைவில் டீச்சர், "ஊத்து, ஊத்து" என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வருஷம் போனால் போகட்டும் என்று நினைத்தாள் சுந்தரி. செம்பைக் கவிழ்த்து அத்தனையையும் அட்டை மரத்தின் அடியில் கொட்டினாள்.

"மானே, இது உன்னிடமிருந்து நான் ஒளித்து வைத்த தண்ணீர். இதையே உனக்குக் கொடுத்து நல்ல பேர் வாங்க மாட்டேன். மரம் குடிக்கட்டும். வா, ஊற்று இருக்கும் இடத்துக்கே கூட்டிப் போகிறேன். நடக்க முடியாவிட்டால் என்மேல் சாய்ந்துகொள்."

ஸக்கியா மெல்ல எழுந்தாள். "உன்மேல் முள் இருக்கிறதே" என்றாள். அதுவும் டீச்சர் எழுதாத வசனம்.

"இருக்கிறதுதான். குத்தினால் சொல், நின்று நின்று போவோம்."

மான் சாய்ந்தது. ஈர்க்கு நிஜமாகவே குத்தியது. அவள் முகம் சுளிக்க, மண்டபம் கொல்லென்று சிரித்தது. ஆனாலும் அவள் கையை எடுக்கவில்லை. இருவரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தபடி மேடைப் படியிறங்கி, சனத்துக்கு நடுவே வாசல்வரை நடந்து போனார்கள். சிரித்தவர்களெல்லாம் எழுந்து நின்று கைதட்டினார்கள். நடுவர்களும் தட்டினார்கள். திரை இழுக்கிறவள் இழுக்க மறந்து தானும் தட்டிக்கொண்டிருந்தாள்.

முதலிடம் அவர்களுக்குத்தான். டீச்சர் ஒரு கையில் கேடயத்தையும் மறு கையில் சுந்தரியின் காதையும் பிடித்துக்கொண்டார்.

"யாரக் கேட்டு மாத்தின?"

"செம்பு பாரமா இருந்துச்சு டீச்சர்."

டீச்சர் காலிச் செம்பை முகர்ந்து பார்த்தார். ஸக்கியாவின் உதட்டைப் பார்த்தார். காதை விட்டார்.

"மாகாணப் போட்டியிலயும் இப்படியேதான் செய்யணும்" என்றார். "ஒரு சொல்ல மாத்தினா தெரியும்தானே?"

திரும்பி வரும்போது கெலிஓயாவில் நோன்பு திறக்கும் பாங்குச் சத்தம் கேட்டது. வேன் ஓரமாக நின்றது. உம்மா கட்டிக் கொடுத்திருந்த பேரீச்சம்பழத்தை ஸக்கியா வாயில் போட்டாள். வழி நெடுகத் தன்னையே திட்டிக்கொண்டு வந்த பரிமளம், போத்தலில் மிச்சமிருந்த சாற்றைச் செம்பில் ஊற்றி மகளிடம் கொடுத்தார். ஸக்கியா இரண்டு கையையும் குவித்து ஏந்தினாள். சுந்தரி ஊற்றினாள், ஊற்றிக்கொண்டே இருந்தாள். ஸக்கியா மூச்சு விடாமல் குடித்து முடித்து, நாடியில் வழிந்ததைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"உயிர் வந்தது, நண்பா" என்றாள்.

வேனுக்குள் இருந்த எல்லாரும் கைதட்டினார்கள், டீச்சரும்தான்.