செத்ததற்குப் பச்சை விளக்கு

நாலாம் குளிர் அறையின் கதவைத் திறந்த உடனே ஆர்லீனுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. கல்லாக உறைந்து கிடக்க வேண்டிய சூரை மீன்களெல்லாம் இளகி, வயிறு வெடித்து, தரை முழுக்கப் பழுப்பாகக் கொழகொழவென்று ஓடிக்கொண்டிருந்தன. பிலிப்பைன்ஸின் ஜென்சான் மீன் துறைமுகத்துப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவள் அவள். மீன் வாடையெல்லாம் அவளுக்கு ஒரு வாடையே இல்லை. இது வேறு. இது துணியில் ஒட்டிக்கொண்டு வீடு வரை கூட வருகிற நாற்றம்.

உள்ளே நோங் வென்சோ முழங்கால் வரை பூட்ஸ் போட்டுக்கொண்டு மண்வெட்டியால் மீனை வாரிக்கொண்டிருந்தார். குளிரூட்டும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்கிறவர். வயதான ஆண்களை அங்கே மரியாதையாக நோங் என்பார்கள். திருவிழா விடுமுறையில் எல்லோரும் ஊர்வலம், பன்றி வறுவல் என்று திரிந்தபோது இவர் ஒருவர்தான் காவல். இயந்திரம் என்னவோ நன்றாகத்தான் ஓடியது. நாலாம் அறைக்குப் போகிற குழாயின் வால்வு மட்டும் அடைத்துக்கொண்டுவிட்டது. குளிர் வெளியே போய்விடும் என்பதால் விடுமுறையில் கதவைத் திறக்கக் கூடாது என்பது முதலாளியம்மாவின் உத்தரவு. உள்ளே சூடு ஏறினால் சர்வரில் ஓடுகிற ப்ரோக்ராம் வென்சோவின் போனுக்குச் செய்தி அனுப்ப வேண்டும். அதை நம்பித்தான் அந்த மனிதர் வெளியே உட்கார்ந்திருந்தார்.

"போனை நீங்களே பாருங்க இந்தாய்," என்று நீட்டினார். சின்னப் பெண்களை அந்த ஊரில் இந்தாய் என்றுதான் கூப்பிடுவார்கள். "ஒரு மெசேஜ் வரல. நான் அழிச்சிட்டேங்கிறாங்க. எனக்கு அழிக்கவே தெரியாது. வேணும்னா என் மருமகன்கிட்ட கேளுங்க, சிரிப்பான்."

"யார் சொன்னது அழிச்சீங்கன்னு?"

"ஜெரிக் தம்பிதான். மத்தியானத்துக்குள்ள என்னை அனுப்பிடுவாங்கன்னு கேன்டீன்ல பேச்சு. இந்த வயசுல என்னை எவன் வேலைக்கு எடுப்பான்?"

ஆர்லீன் போனைத் திருப்பிக் கொடுத்தாள். அவள் இங்கே சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. சர்வர்களைப் பார்த்துக்கொள்வதுதான் வேலை என்றாலும், இந்த ப்ரோக்ராம் பக்கம் போகக் கூடாது என்று சொல்லி வைத்திருந்தார்கள். அது ஜெரிக்கின் சொத்தாம். ஜெரிக் முதலாளியம்மாவின் தங்கை மகன். செபுவில் படித்தவன் என்பதைப் பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் சொல்லாவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது.

அவன் கையில் பால் டீயோடு வந்தான். ஊரே மூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, இவன் ஸ்ட்ராவை உறிஞ்சிக்கொண்டிருக்கிறான்.

"ஆத்தே," என்றான், அக்கா என்கிற அர்த்தத்தில். "ரொம்ப மண்டையை உடைச்சுக்காதீங்க. ஸ்கிரீன்ல நாலாம் ரூம் பச்சையாத்தான் இருந்துச்சு, இப்பவும் பச்சைதான். ப்ரோக்ராம் உயிரோட இருக்கு, மெசேஜ் போயிருக்கு. பெருசு தூங்கியிருக்கும்."

"பாஸ்வேர்டைக் குடு தோங்," என்று அவளும் தம்பி முறை வைத்தாள். "நான் பாத்துக்கறேன்."

"பாருங்களேன், எனக்கென்ன."

பார்த்தாள். சர்வரில் ஓடுகிற எல்லாவற்றையும் பட்டியல் போட்டாள். நாலாம் அறை ப்ரோக்ராம் அதில் இல்லவே இல்லை. ஆனால் சுவரில் மாட்டிய ஸ்கிரீனில் நாலாம் அறை பச்சையாகச் சிரித்துக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரத்தில் விஷயம் வெளியே வந்தது. பின்னணியில் ஓட வேண்டிய ப்ரோக்ராமை சிஸ்டத்துக்குள்ளேயே மேற்பார்வையாளன் மாதிரி இருக்கிற ஒரு மென்பொருளிடம் ஒப்படைக்க வேண்டும். அது சர்வர் எழுந்தால் எழுப்பிவிடும், செத்தால் மறுபடி எழுப்பும், எழுப்பி எழுப்பி முடியாமல் போனால் கையை விரித்து, இது விழுந்துவிட்டது என்று உண்மையைச் சொல்லும். காசா பணமா, நாலு வரி எழுதினால் போதும். இந்த மகான் அதைச் செய்யவில்லை. தன் லேப்டாப்பிலிருந்து சர்வருக்குள் நுழைந்து, ப்ரோக்ராமைக் கிளப்பிப் பின்னணிக்குத் தள்ளிவிட்டு, திருவிழாவுக்கு நேரமாகிவிட்டது என்று லேப்டாப்பை மூடிக்கொண்டு போய்விட்டான். தொடர்பு அறுந்ததும் ப்ரோக்ராமும் கூடவே செத்தது.

சரி, செத்தால் தெரிய வேண்டாமா? அங்கேதான் ஆர்லீனுக்கு மீனைவிட அதிகமாகக் குமட்டியது. கண்காணிக்க என்று ஒரு ஸ்கிரிப்ட் எழுதியிருந்தான். ஓடுகிறவற்றின் பட்டியலை எடுத்து அதில் ப்ரோக்ராமின் பெயரைத் தேடும். பெயர் கிடைத்தால் பச்சை. ஆனால் தேடுகிற வேலையும் ஓடுகிற வேலைதானே? அதுவும் அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு அதே பட்டியலில் நிற்கும். ஆக, ஸ்கிரிப்ட் ஒவ்வொரு தடவையும் தன்னையே பார்த்து, இதோ இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தது. பூட்டிய வீட்டில் யாரங்கே என்று கத்திவிட்டு, எதிரொலியைக் கேட்டு, ஆள் இருக்கிறது என்று எழுதிக்கொண்டு போகிறவனை என்ன சொல்வது? இதை நம்பி ஒரு கிழவனை வீட்டுக்கு அனுப்பப் பார்க்கிறார்கள். தூ.

முதலாளியம்மாவான தெர்சிங் தன் அலுவலக அறையில் தைலம் நனைத்த கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஜெரிக் சோபாவில். வென்சோ கதவோரம் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மேம், உங்க நாய் பேர் என்ன?" என்று கேட்டாள் ஆர்லீன். மேசைமேல் அதன் படம் இருந்தது.

"பொப்போய். அது போய் ரொம்ப நாளாச்சு. இப்ப எதுக்கு அது?"

ஆர்லீன் ஜெரிக்கின் ஸ்கிரிப்டில் ப்ரோக்ராமின் பெயரை எடுத்துவிட்டு நாயின் பெயரைப் போட்டாள். லேப்டாப்பை முதலாளியம்மா பக்கம் திருப்பினாள். பொப்போய் ஓடிக்கொண்டிருக்கிறது என்று பச்சையில் வந்தது.

 ஜெரிக்கின் ஸ்ட்ரா மட்டும் கொர்ரென்றது.

"எதைக் கேட்டாலும் இருக்குன்னுதான் மேம் சொல்லும். மெசேஜ் போகவே இல்ல. நோங் மேல தப்பில்ல."

முதலாளியம்மா முட்டாள் இல்லை. ஜெரிக்கை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். "சரி. நோங் இருக்கட்டும். நீ எல்லாத்தையும் ஒழுங்கு பண்ணு."

வென்சோ தொப்பியை நெஞ்சோடு வைத்துக்கொண்டார். ஆர்லீனுக்கும் அன்றைக்கு முதல்தடவையாக மூச்சு நிம்மதியாக வந்தது.

அவள் உட்கார்ந்து எல்லா அறைகளின் ப்ரோக்ராமையும் மேற்பார்வையாளனிடம் ஒப்படைத்தாள். ஸ்கிரீனும் அதையே கேட்டுச் சொல்லும்படி மாற்றினாள். மற்ற அறைகள் நிஜமாகவே பச்சையாயின. இரண்டாம் அறையின் ப்ரோக்ராம் மட்டும் எழுந்தது, விழுந்தது, மறுபடி எழுந்தது, விழுந்தது. கடைசியில் மேற்பார்வையாளன் கைவிட்டுச் சிவப்பைக் காட்டியது. கதவைத் திறக்காமலே சோதித்துப் பார்த்தால் உள்ளே இருக்கிற வெப்பமானியே செத்துக் கிடக்கிறது. எப்போதிலிருந்து என்று யாருக்கும் தெரியாது. புதியது மணிலாவிலிருந்து வர வேண்டும்.

இரண்டாம் அறையில்தான் ஏற்றுமதிக்கான மீன் இருந்தது. வாங்குகிறவர்களின் ஆட்கள் மறுநாள் சோதனைக்கு வருகிறார்கள். அவர்கள் முதலில் பார்ப்பதே இந்த ஸ்கிரீனைத்தான்.

முதலாளியம்மா ஸ்கிரீன் முன்னால் வந்து நின்றாள். "சிவப்பை எடு."

"உள்ள எவ்வளவு குளிர் இருக்குன்னு நமக்கே தெரியாது மேம். கதவைத் திறந்து மீனைப் பாக்கலாம்."

"திறந்து கெட்டிருந்தா? நாளைக்கு ஒருநாள் பச்சையா இருக்கட்டும், அப்புறம் நீ என்ன வேணா பண்ணிக்க. வந்தவங்க சிவப்பைப் பாத்தா யாராவது ஒருத்தரைக் காட்டணும். யாரைக் காட்டுவேன்? மெஷினைப் பாக்கற நோங்கைத்தான்."

"அதை நான் பண்ண மாட்டேன்," என்று ஆர்லீன் எழுந்துவிட்டாள். காலியான நாற்காலியில் ஜெரிக் சந்தோஷமாக உட்கார்ந்தான். கீபோர்டில் விரலை வைத்தான். யோசித்தான். தலையைச் சொறிந்தான். அவனுக்கு மறந்துபோயிருந்தது. எங்கிருந்தோ பார்த்து எழுதினவன்தானே.

"ஆத்தே, அந்தப் பழைய வரி என்ன?"

கருமம், ஒரு அயோக்கியத்தனத்தைக்கூட இவனுக்குச் சொந்தமாகச் செய்யத் தெரியவில்லை. ஆர்லீன் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"இந்தாய்." வென்சோ அவள் பக்கத்தில் வந்து நின்றார். குளித்து உடுப்பு மாற்றியும் அந்த நாற்றம் போகவில்லை. "சொல்லிக் குடுத்துருங்க."

"நோங், அந்த ரூம்லயும் மீன் அழுகிக் கிடந்தா? அதை ஜனங்க திம்பாங்க."

"இங்க இருக்கிறவங்க யாரும் திங்கப் போறதில்லையே." அவர் அவளைப் பார்க்காமல் ஸ்கிரீனைப் பார்த்துப் பேசினார். "காலைல எனக்காகப் பேசினீங்க. அதை இப்பப் பாதியில விட்றாதீங்க."

ஆர்லீனுக்கு அவர்மேலேயே அருவருப்பு வந்தது. வந்ததற்காகத் தன்மேலும் வந்தது. தோளிலிருந்த பையை இறக்கினாள். பிறகு நின்ற இடத்திலிருந்தே அந்த வரியைச் சொன்னாள், ஒவ்வொரு சொல்லாக, அவன் தட்டி முடிக்கும்வரை நிறுத்தி நிறுத்தி.

ஜெரிக் எண்டரைத் தட்டினான். சிவப்பு அப்படியே இருந்தது. பட்டியலையும் தேடலையும் இணைக்கிற ஒரு சின்னச் செங்குத்துக் கோடு நடுவில் விட்டுப்போயிருந்தது. மறுபடி பார்த்தும் அவன் கண்ணில் படவில்லை.

"நகரு," என்றாள் ஆர்லீன். குனிந்து அந்தக் கோட்டை அவளே போட்டாள்.